புள்ளியும் அம்பும் வைத்து என்ன செய்வது?

கேள்வி கேட்ட தம்பி சேலத்தில் கடைசி ஆண்டு பொறியியல் படிக்கிறார். ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களுக்கு 'இன்றைக்கு மருந்தடிக்கலாமா, வேண்டாமா' என்று சொல்லும் செயலி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறார். வானிலைக் கணிப்பு ஒன்று சொல்கிறது, இலையில் தெரியும் நோய் வேறொன்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். மொத்தத்தையும் சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். பேராசிரியரோ, வாதங்கள் மோதும்போது எது நிற்கும் என்று கணக்கிடுவது பற்றி டுங் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "படித்தேன் சார், புள்ளியும் அம்பும்தான் இருக்கிறது. இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் பேராசிரியர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையை நேராகத் திறந்தால் யாருக்கும் தலை சுற்றும். ஃபான் மின் டுங் வியட்நாமியர், தாய்லாந்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். 1995-ல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அதற்கு முன் பதினைந்து வருடமாக நடந்த ஒரு சண்டைக்கு அது பதில். சண்டை என்னவென்று தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் புள்ளியும் அம்பும்தான் தெரியும்.

பள்ளியில் நாம் படித்த தர்க்கத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றை ஒருமுறை நிரூபித்துவிட்டால் முடிந்தது. பிறகு எத்தனை புதுத் தகவலைக் கொண்டுவந்து சேர்த்தாலும் அந்த முடிவு அசையாது. கணக்குக்கு இது சரி. வாழ்க்கையில் நாம் அப்படி யோசிப்பதில்லை. பறவை என்றால் பறக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அது பெங்குவின் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் முடிவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இப்படித் திரும்ப வாங்கிக்கொள்ளும் யோசனையை ஒரு இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? 1980-ல் அதே இதழின் ஒரே சிறப்பிதழில் ரேமண்ட் ரைட்டர் என்ற கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார், ஜான் மெக்கார்த்தி இன்னொரு வழி சொன்னார். அப்புறம் ஆளுக்கொரு தர்க்கம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டுங் செய்தது என்னவென்றால், இவற்றில் பலவற்றுக்கும் அடியில் ஒரே எலும்புக்கூடுதான் இருக்கிறது என்று காட்டியது. வாதங்கள் இருக்கின்றன (அவைதான் புள்ளிகள்), ஒன்றை ஒன்று தாக்குகின்றன (அவைதான் அம்புகள்), எவை தாக்குப்பிடிக்கின்றன என்று பார். அவ்வளவுதான். ரைட்டரின் தர்க்கமும், தர்க்க விதிகளாகவே நிரல் எழுதும் லாஜிக் புரோகிராமிங்கும் இந்த எலும்புக்கூட்டுக்குள் அடங்கிவிடுகின்றன என்று அந்தக் கட்டுரையிலேயே நிரூபித்தார். போகிற போக்கில், பெண் மாப்பிள்ளை ஜோடி சேர்க்கும் பிரபலமான கணக்கும் இதே வடிவம்தான் என்று காட்டியிருப்பார். எனக்குப் பிடித்த பகுதி அது.

அம்பு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். நம்மிடம் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம் (நிறுவ வேண்டிய முடிவு), புகையுடைத்து ஆதலால் என்பது ஏது (காரணம்), அடுக்களை போல் என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இதோடு நிறுத்தாமல், தப்பான ஏதுக்களையும் வகை வகையாகப் பிரித்துச் சொல்லுவார். அதில் ஒன்று, ஆவியா பனியா என்ற ஐயம் இருக்கும்போதே புகைதான் என்று துணிந்து, ஆகவே நெருப்பு உண்டு என்று சாதிப்பது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சரி, அதே மலையை எடுத்துக்கொள்வோம். பங்குனி மாதம், அடிவாரத்திலிருந்து பார்க்கிறீர்கள், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. "அங்கே தீப்பிடித்திருக்கிறது, புகை தெரிகிறதே" என்று ஒருவர் சொல்கிறார். இதை மூன்று விதமாகத் தாக்கலாம். "அது புகை இல்லை, பனிமூட்டம்" என்று ஒருவர் சொன்னால் ஆதாரத்தின் மேலேயே கை வைக்கிறார். "நான் அங்கே நிற்கிறேன், தீ எதுவும் இல்லை" என்று வனக் காவலர் போனில் சொன்னால் முடிவை நேருக்கு நேர் மறுக்கிறார். மூன்றாவதுதான் நுட்பமானது. "புகைதான், சந்தேகமில்லை, ஆனால் கீழே அடிவாரத்தில் சருகு கொளுத்துகிறார்கள், காற்று அதை மேலே தள்ளிக்கொண்டு போகிறது" என்று ஒருவர் சொல்கிறார். இவர் ஆதாரத்தை மறுக்கவில்லை. மலையில் தீ இல்லை என்றும் சொல்லவில்லை; இருந்தாலும் இருக்கலாம். ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகும் பாலத்தை மட்டும் அறுத்துவிட்டார். இந்த மூன்றாவது வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் ஜான் பொல்லாக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர். அவர் சொன்ன உதாரணம் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும் பொருள். பொருள் சிவப்பாகத் தெரிவது உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்தில் எதுவும் சிவப்பாகத்தான் தெரியும்.

மதிப்பெண் போட்டுக் கூட்டலாம் என்ற நண்பரின் யோசனை இந்த மூன்றாவது வகையில்தான் மாட்டிக்கொள்கிறது. 'தீ இருக்கிறது' என்பதற்கு 7 மார்க், 'சருகுப் புகை' என்பதற்கு எத்தனை? மைனஸ் 5 போட்டால், அது தீ இல்லை என்பதற்கான சாட்சி ஆகிவிடும். அது அப்படிப்பட்ட சாட்சியே இல்லை. அதன் வேலை அந்த 7-ஐ அடிப்பது மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே தராசில் கொட்டினால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிகழ்தகவை முறையாகப் பயன்படுத்தும் பேய்சியன் வலைகள் இதைச் சரியாகவே கையாளும். ஆனால் அதற்கு ஒவ்வொரு முடிச்சுக்கும் நிகழ்தகவு அட்டவணை வேண்டும். ஏற்காட்டில் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு அந்த எண்ணெல்லாம் யாரிடம் இருக்கிறது? இல்லாத எண்ணை நாமே போட்டுவிட்டு, பிறகு அதைத் தசம புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை நம்புவது இந்தத் துறையின் பழைய வியாதி.

இப்போது உங்கள் செயலிக்கு வருவோம். நான்கு வாதம் போதும், அதிலேயே விஷயம் முழுக்க வெளியே வந்துவிடும்.

அ: இன்றைக்கு போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து) அடி. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறது, துரு நோய் ஆரம்பித்துவிட்டது, விட்டால் பரவும்.

ஆ: இன்றைக்கு அடிக்காதே. மதியத்துக்கு மேல் மழை என்று கணிப்பு சொல்கிறது. இலையில் காய்வதற்குள் மழை வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கழுவிக்கொண்டு போகும், ஆள் கூலியும் போச்சு.

இ: அந்தக் கணிப்பை வைத்து முடிவு பண்ணாதே. அது சேலம் டவுனுக்கானது. டவுனுக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். கீழே மழை என்றால் மேலே மழை என்று அர்த்தமில்லை.

ஈ: இல்லை, இந்தக் கணிப்பு தோட்டத்தின் இருப்பிடத்தைக் கொடுத்து எடுத்தது. டவுனுடையது அல்ல.

அம்புகளைப் போடுங்கள். அ-வும் ஆ-வும் ஒன்றை ஒன்று தாக்குகின்றன, ஏனென்றால் அடி, அடிக்காதே இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. இ, ஆ-வைத் தாக்குகிறது. இது பாலத்தை அறுக்கும் வகை: இன்றைக்கு மழை வராது என்று இ சொல்லவில்லை. ஈ, இ-யைத் தாக்குகிறது.

முதலில் ஈ இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இ-யைத் தாக்க யாருமில்லை, ஆகவே அது உள்ளே. அது தாக்கும் ஆ வெளியே. அ-வைத் தாக்கிய ஒரே ஆள் வெளியே போய்விட்டதால் அ உள்ளே. முடிவு: அடிக்கலாம். இப்போது ஈ வந்து சேர்கிறது. அதைத் தாக்க யாருமில்லை, உள்ளே. இ வெளியே. இ போனதும் ஆ-வுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. அ-வும் ஆ-வும் மறுபடி நேருக்கு நேர். கவனியுங்கள், ஈ மருந்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கணிப்பை எங்கே எடுத்தார்கள் என்று மட்டும்தான் சொன்னது. அதற்கே 'அடி' என்ற முடிவு கலைந்துவிட்டது. வெறும் தலையை எண்ணினால் இது தெரியவே தெரியாது.

நான் இப்போது கையால் செய்தது என்ன? யாராலும் தாக்கப்படாததை ஏற்றுக்கொள். அது தாக்குவதை எல்லாம் தள்ளு. தன்னைத் தாக்கியவர்கள் அத்தனை பேரும் தள்ளப்பட்டுவிட்ட வாதம் இருந்தால் அதையும் ஏற்றுக்கொள். மாற்றம் நிற்கும் வரை இதையே திரும்பச் செய். கடைசியில் எதிலும் சேராமல் மிச்சம் இருப்பது முடிவாகாதது. இதற்கு கிரவுண்டட் என்று பெயர். பைத்தானில் சின்ன லூப் ஒன்றில் அடங்கும், வாதம் ஆயிரம் இருந்தாலும் வேகமாக ஓடும். ரொம்ப எச்சரிக்கையான ஆள் இது. நம் நான்கு வாத உதாரணத்தில் ஈ உள்ளே, இ வெளியே, அ-வும் ஆ-வும் முடிவாகாதவை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

அதற்கு மேலே துணிந்து போக வேண்டுமென்றால் பிரிஃபர்டு என்ற முறை இருக்கிறது. தங்களுக்குள் சண்டை இல்லாத, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தாங்களே பதில் கொடுக்கும் வாதக் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை முடிந்த மட்டும் பெரிதாக்குவது. இங்கே அப்படி இரண்டு கூட்டம் கிடைக்கும்: ஈ-யும் அ-வும், அல்லது ஈ-யும் ஆ-வும். இரண்டுமே நியாயமான நிலைப்பாடு. இரண்டில் எது என்று அம்புகளால் சொல்ல முடியாது. இந்த இடத்தில் 'கணினி ஒரு முடிவைச் சொல்லாமல் நழுவுகிறதே' என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். நழுவவில்லை. உங்களிடம் இருக்கும் தகவலுக்கு உண்மையான நிலை அதுதான். ஏதாவது ஒன்றைத் துணிந்து சொல்லும் இயந்திரத்தைவிட, எந்த இடத்தில் தகராறு என்று சுட்டிக்காட்டும் இயந்திரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பிரிஃபர்டு முறையைக் கணக்கிடுவது கஷ்டம். எல்லாக் கூட்டத்திலும் ஒரு வாதம் இடம்பெறுகிறதா என்று கேட்டால் கேள்வி, விடை கிடைத்தால் சரிபார்க்கவாவது சுலபமான 'என்பி' வகுப்பையும் தாண்டிப் போய்விடும். இதற்காகவே 2015-லிருந்து ஐசிசிஎம்ஏ என்ற பெயரில் போட்டி நடத்துகிறார்கள். பங்கேற்கும் நிரல்களில் பலவும் உள்ளுக்குள், ஒரு தர்க்க வாய்பாட்டை உண்மையாக்க முடியுமா என்று தேடும் சாட் (SAT) சால்வர்களைப் பயன்படுத்துகின்றன. உங்களுக்கு இது தேவைப்படாது. ஒரு தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வாதம் வந்தாலே அதிகம்.

ஸ்டேபிள் என்று மூன்றாவது ஒன்றும் கட்டுரையில் இருக்கும். அது 'முடிவாகாதது' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காது; எல்லா வாதமும் உள்ளே அல்லது வெளியே இருந்தாக வேண்டும். அதில் என்ன சிக்கல் என்று பார்க்கச் சேலத்து லீ பஜார் சந்தைக்குப் போகலாம். மூன்று தரகர்கள். முதலாமவர் 'இரண்டாமவர் பேச்சை நம்பாதீங்க' என்கிறார், இரண்டாமவர் மூன்றாமவரைக் காட்டுகிறார், மூன்றாமவர் முதலாமவரைக் காட்டுகிறார். முதலாமவரை நம்பினால் இரண்டாமவர் வெளியே, அப்போது மூன்றாமவர் உள்ளே, அவர் உள்ளே வந்தால் முதலாமவர் வெளியே. எங்கே தொடங்கினாலும் சுற்றி வந்து உதைக்கும். ஸ்டேபிள் முறையில் இதற்கு விடையே கிடையாது. இரண்டு தரகர்களாகவோ நான்கு தரகர்களாகவோ இருந்தால் அழகாக இரண்டு விதமாகப் பிரிந்துவிடும். ஒற்றைப்படை வட்டம்தான் வில்லங்கம். ஒரு தோட்டத்தின் தரவில் ஒற்றைப்படை வட்டம் ஒன்று வந்து, செயலி ஸ்டேபிள் முறையில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற முடிவுகளும் சேர்ந்து காலியாகிவிடும். ஆகவே உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

அ-வா ஆ-வா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. இங்கே 2003-ல் ட்ரெவர் பெஞ்ச்-கேப்பன் சொன்ன யோசனை உதவும். இவர் லிவர்பூலில் இருந்தவர், சட்ட வாதங்களைக் கணினியில் கொண்டுவருவதில் பெரிய கை. ஒவ்வொரு வாதமும் ஏதோ ஒன்றைக் காப்பாற்றப் பார்க்கிறது என்றார் அவர். அ காப்பாற்றுவது விளைச்சலை. ஆ காப்பாற்றுவது கைக்காசை. விளைச்சலுக்கு முதலிடம் கொடுப்பவருக்கு ஆ, அ-வை வீழ்த்த முடியாது, அவர் அடிப்பார். கூலி கொடுக்கவே திணறும் ஒன்றரை ஏக்கர்காரருக்கு அ, ஆ-வை வீழ்த்த முடியாது. அவர் நாளைக்குப் பார்த்துக்கொள்வார். ஒரே தகவல், ஒரே அம்புகள், இரண்டு பேருக்கு இரண்டு முடிவு, இரண்டுமே சரி. நன்னூல் எழுவகை மதத்தில் 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' என்று ஒன்றைச் சொல்லும். துணிபவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி. என் அபிப்பிராயம் கறாரானது: அந்த வரிசையைத் தோட்டக்காரர்தான் போட வேண்டும், செயலி எழுதுகிறவர் இல்லை. மதிப்பெண் கூட்டும் முறையில் இந்த வரிசை எண்களுக்குள் ஒளிந்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் போய்விடும். மருந்து விற்கிற கம்பெனி உங்கள் செயலிக்குப் பணம் போட்டால் அந்த எண் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி சாட்ஜிபிடி. அதைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அது போன்ற பெரிய மொழி மாதிரிகள் வாதம் *உற்பத்தி* செய்வதில் கெட்டிக்காரர்கள். துரு நோய் படத்தையும் கணிப்பையும் கொடுத்தால் ஒரு வேளாண் அதிகாரி யோசிக்கக்கூடிய எதிர்வாதம் பலவற்றை அதுவே எடுத்துக் கொடுக்கும். படிப்படியாக யோசி என்று சொன்னால் விடை மேம்படுகிறது என்று 2022-ல் காட்டினார்கள், அதிலிருந்து எல்லோரும் அந்தப் படிகளைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறார்கள். அந்தப் படிகள் அதன் உண்மையான காரணம்தானா? 2023-ல் வந்த ஒரு ஆய்வில், பலவுள் தெரிவு வினாக்களில் மொழி மாதிரிக்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டுகளில் எல்லாம் சரியான விடை முதல் தெரிவிலேயே இருக்கும்படி அடுக்கிவைத்தார்கள். மாதிரியும் பல இடங்களில் முதல் தெரிவின் பக்கமே சாய்ந்தது. ஆனால் விளக்கம் கேட்டால் 'முதலில் இருந்ததால் எடுத்தேன்' என்று அது சொல்லவில்லை. அந்தத் தப்பு விடைக்குப் பொருத்தமாக ஒரு காரணத்தைக் கோத்துக் கொடுத்தது. முடிவு முதலில், காரணம் பிறகு.

அம்புப் படத்தில் இந்த வேலை நடக்காது. ஈ வருவதற்கு முந்தைய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆ ஏன் வெளியே என்று கேட்டால் இ-யைக் காட்டும், இ ஏன் உள்ளே என்றால் அதைத் தாக்க ஆளில்லை என்று காட்டும். காட்டுகிற காரணமும் கணக்கிட்ட காரணமும் ஒன்றே. இ-யை எடுத்துவிட்டால் விடை மாறியே தீரும், வேறு வழி அதற்குக் கிடையாது.

ஐபிஎம் கம்பெனியின் புராஜெக்ட் டிபேட்டர் என்ற வாதாடும் இயந்திரம் பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2019-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹரிஷ் நடராஜன் என்ற விவாதக்காரரோடு அது மேடையில் வாதாடியது. பாலர் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. கேட்டவர்கள் எந்தப் பக்கம் மனம் மாறினார்கள் என்று பார்த்ததில் ஜெயித்தவர் ஹரிஷ். கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து வாதங்களைப் பொறுக்கி எடுத்துக் கோத்துப் பேசியது பெரிய சாதனைதான். ஆனால் அது நம் கேள்விக்கு விடை இல்லை. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குகிற வாதம் வேறு, பதில் சொல்லப்படாமல் நிற்கிற வாதம் வேறு. ஒரு நல்ல நடுவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். உங்கள் செயலிக்கு வேண்டியது அந்த நடுவர்; பேச்சாளர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

ஆகவே நான் செய்வதாக இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்வேன். வாதங்களைச் சேகரிப்பதும், இது இதைத் தாக்கக்கூடும் என்று முன்மொழிவதும் மொழி மாதிரியின் வேலை. அந்த முன்மொழிவைச் சரிபார்ப்பது காபி தெரிந்த ஒரு மனிதரின் வேலை. எது உள்ளே எது வெளியே என்று கணக்கிடுவது அந்தச் சின்ன லூப்பின் வேலை. கடைசி வேலையை மொழி மாதிரியிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இதில் கஷ்டமானது நடுவில் இருக்கிற சரிபார்க்கும் வேலைதான், அதை மறைத்துப் பேசக்கூடாது. டுங்கின் படத்தில் ஒரு வாதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே கிடையாது. எல்லாம் வெறும் புள்ளி. அம்பு எங்கிருந்து வந்தது என்றும் அவர் சொல்வதில்லை. தப்பான அம்பு போட்டால் தப்பான விடையைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஹென்றி பிராக்கன், சஞ்சய் மோட்கில் இருவரும் வளர்த்தெடுத்த ஆஸ்பிக்-பிளஸ் என்ற வாதக் கட்டமைப்பு இந்தப் புள்ளிக்குள் நுழைகிறது. ஆதாரம், விதி, முடிவு என்று வாதத்தைத் திறந்து வைத்துவிட்டால் மலைப்புகையில் பார்த்த மூன்று வகைத் தாக்குதலும் தானாகவே கிடைக்கும். பேராசிரியர் அடுத்ததாக அதைத்தான் படிக்கச் சொல்வார்.

அதைவிட உடனே பயன்படக்கூடியது டக்ளஸ் வால்டன் என்ற கனடாக்காரர் தொகுத்த வாத மாதிரிகள். அன்றாடம் நாம் பேசும் வாதங்கள் சில பத்து அச்சுகளில் அடங்கும் என்றார் அவர். ஒவ்வொரு அச்சுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் தயாராக இருக்கின்றன. வல்லுநர் சொன்னார், ஆகவே உண்மை என்பது ஒரு அச்சு. அதற்குரிய கேள்விகள்: அவர் இந்தத் துறையில்தான் வல்லுநரா? அவர் சொன்னது உண்மையில் இதைத்தானா? மற்ற வல்லுநர்கள் ஒத்துப்போகிறார்களா? அவருக்கு இதில் ஆதாயம் உண்டா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு அம்புக்கு விதை. 'தோட்டக்கலை வழிகாட்டல் இப்படிச் சொல்கிறது' என்ற வாதம் உள்ளே வரும்போதே, அந்த வழிகாட்டல் அரபிகா வகைக் காபிக்கா ரோபஸ்டா வகைக்கா, இந்த உயரத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விகளைச் செயலி தானாக எழுப்பலாம். துரு நோய் அரபிகாவைத்தான் அதிகம் பாடுபடுத்தும். குடகில் ரோபஸ்டாவுக்கு எழுதிய அட்டவணையைச் சேர்வராயனுக்குக் கொண்டுவந்து ஒட்டினால் அந்த ஒட்டு எந்தக் கேள்வியில் விடும் என்று உடனே தெரிந்துவிடும்.

செய்முறைக்கு இரண்டு விஷயம். முதலாவது, ஒவ்வொரு வாதத்துக்கும் பிறந்த நேரத்தையும் காலாவதி நேரத்தையும் சேர்த்து வையுங்கள். காலை ஆறு மணிக் கணிப்பு மாலையில் செத்த வாதம். இலையில் பார்த்த பொடி அப்படி இல்லை, அது இன்னும் சில நாளைக்கு உயிரோடு இருக்கும். காலாவதியான வாதத்தை அழித்துவிடாமல் ஓரமாக எடுத்து வைத்தால், போன வாரம் ஏன் அடிக்கச் சொன்னாய் என்று தோட்டக்காரர் கேட்கும்போது அன்றைய படத்தை அப்படியே திருப்பிக் காட்டலாம். கேட்காமல் இருக்க மாட்டார்.

இரண்டாவது, நீங்கள் படித்த கட்டுரையில் இல்லாதது, ஆனால் அதிலிருந்து நேராக வருவது. விடை கணக்கிட்ட பிறகு, வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தால் 'அடி' என்பது 'அடிக்காதே' ஆகிறதோ, அல்லது முடிவாகாததற்கு நகர்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் ஈ அப்படிப்பட்டது: அது இருந்தால் தகராறு, எடுத்தால் 'அடி'. முப்பது வாதம் இருந்தாலும் இப்படி விடையைத் தாங்கிப் பிடிப்பவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். திரையில் பத்துக் கேள்வி கேட்டுத் தோட்டக்காரரை விரட்டாமல், அந்த ஒன்றிரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்: "இந்த மழைக் கணிப்பு உங்கள் தோட்டத்துக்கு எடுத்ததா, சேலத்துக்கு எடுத்ததா?" அவர் பதில் தட்டியதும் லூப் மறுபடி ஓடட்டும். அதைப் போனிலேயே ஓட விடுங்கள், சர்வருக்கு அனுப்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவு ஏறி உள்ளே தோட்டத்துக்குப் போனால் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. இந்தக் கணக்குக்குச் சாதாரண போனே தாராளம்.